மார்க் போட்ட ஆடு

இல்லை மக்கீன் நானா, நான் கேக்கிறது அதுதான். எழுத்தே இல்லாத ஒண்டைப் புத்தகம் எண்டு சொல்லலாமோ? அட்டை இருக்கு, சரி. தையல் போட்ட முதுகு இருக்கு, சரி. உள்ளுக்கு ஒரு எழுத்து… ஒரு குத்து, ஒரு கோடு… தேடினாலும் இல்லை. முழுக்கப் படம். முதல் பக்கத்தில ஒரு ஆடு. கடைசிப் பக்கத்திலயும் அதே ஆடு. இதைத் தந்துபோட்டு மேபல் டீச்சர் என்ர முகத்தைப் பாத்துச் சொல்றா, ‘மிஸ்டர் ஹெக்டர், இதை வச்சுத்தான் உங்கட மகளுக்கு வாசிக்கப் பழக்கிறன்’ எண்டு. நல்லது. அடுத்த கிழமை சோறில்லாத கோப்பையை வச்சுச் சாப்பிடப் பழக்குவா.

நீங்கள் பல்லில பிரஷ்ஷைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறியள், கதைக்க ஏலாது, எனக்கு விளங்குது. தலையை ஆட்டுங்கோ, காணும். போர்ட் எழுதுற ஆளிட்ட வந்தா அதுதான் ஒரு நிம்மதி. சலூனுக்குப் போனா அவன் கதைப்பான், நாங்கள் தலையைக் குனிஞ்சு கேக்க வேண்டிக் கிடக்கு.

இந்தா, இவதான் ஆள். றோஸி. உங்கட பெயின்ற் வாளியில ஏறிக் குந்தியிருக்கிறா… மூடி இறுக்கம்தானே நானா, உள்ள விழுந்திடாதே? சரி. பிள்ளை, அங்கிளுக்கு குட் ஆஃப்டர்நூன் சொல்லு. சொல்லு… பாத்தியளே. வாய் திறக்காது. கதைக்க மாட்டாள் எண்டில்லை. தண்ணி வேணும், பசிக்குது, செருப்பு கடிக்குது, எல்லாம் கதைப்பாள். இந்தப் புத்தகம் பக்கத்தில இருந்தாத்தான் இப்பிடி. மடியில வச்சு விரிச்சுக் குடுத்தா மூடி வைக்கிறாள். ‘எனக்கு வாசிக்கத் தெரியாது’ எண்டு சொல்றாள். அஞ்சு வயசுப் பிள்ளை. போன கிழமைவரைக்கும் இதே புத்தகத்தை வச்சு ஒரு வீட்டையே நித்திரை கொள்ள விடாம அலட்டின பிள்ளை.

அதோட திங்கக்கிழமை காலமை புத்தகம் நேர்சரிக்குத் திரும்பிப் போகவேணும். அதுதான் உங்களிட்ட ஓடி வந்தனான். பெரிய வேலை ஒண்டும் இல்லை. உள்ளுக்குக் கிடக்கிற எழுத்தை எடுத்துவிட வேணும். அவ்வளவுதான்.

என்ன? எழுத்தில்லாத புத்தகத்தில என்ன எழுத்து எண்டு கேக்கிறியள். நல்ல கேள்வி. ஆரோ எழுதிப்போட்டினம். ஆர் எண்டது இப்ப முக்கியமில்லை. பொறுங்கோ, அதுக்கு வாறன்.

முதல்ல இந்த மேபல் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேணும். தெரியும்தானே உங்களுக்கு? கோயில் மண்டபத்துக்குப் பின்னால, கலியாணக் கதிரை அடுக்கிற அறையில நேர்சரி நடத்திறா. மெல்லிசு, கண்ணாடி, எந்த நேரமும் சோக்கட்டித் தூள் பூசின கை. நல்ல மனுசிதான். நான் குறை சொல்லேல்லை. பம்பலப்பிட்டியில ஏதோ ஒரு கோர்ஸ் படிச்சிட்டு வந்தவ. அங்கதான் பழுதாப்போனா எண்டு நினைக்கிறன். நான் பிள்ளையைச் சேர்த்த நாளே கேட்டனான், ‘எப்ப டீச்சர் அ-னா எழுதப் பழக்குவியள்?’ எண்டு. ‘அவசரமில்லை, முதல்ல பிள்ளை புத்தகத்தைப் பிடிக்கப் பழகட்டும்’ எண்டா. புத்தகத்தைப் பிடிக்கிறதுக்கு ஒரு பாடம், நானா. நான் இவ்வளவு காலத்தில புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்ச ஆக்களை துறைமுகத்தில, எங்கட ஹாபரில, சூப்பவைசர்மாரிலதான் கண்டிருக்கிறன். வேற ஆரும் அப்பிடிப் பிடிக்கிறேல்லை.

பிறகு, பக்கம் புரட்டிறது ஒரு பாடம். இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் பாக்கிறது ஒரு பாடம். பிறகு கேள்வி. கேள்வியெண்டாக் கேள்வி. ‘இந்த ஆடு ஏன் கயித்தை அறுத்தது, பிள்ளையள்?’ ஆட்டிட்டக் கேக்கவேண்டியதை என்னத்துக்குப் பிள்ளையளிட்டக் கேக்கிறா. ‘அடுத்த பக்கத்தில என்ன நடக்கும்?’ புரட்டினாத் தெரியப்போகுது. அதுக்கு அரை மணித்தியாலம். எல்லாரும் கண்ணை மூடி யோசிக்க வேணுமாம். பிறகு ‘ஆ… டு…’ எண்டு கைதட்டுகினம். எட்டு ஒம்பது வாண்டுகள் சேந்து ஒரு ஆட்டுக்குக் கைதட்டுகினம். ஆடு என்ன ராகமாலிகையோ பாடினது?

கடைசியா ஒண்டு செய்வா. பிள்ளை சொன்ன கதையில ஒரு வசனத்தை எடுத்து, பிள்ளை எப்பிடிச் சொன்னதோ அப்பிடியே, கரும்பலகையில பெரிய எழுத்தில எழுதுவா. எழுதி, அடிமட்டத்தைக் கீழ ஓடவிட்டு, அதே பிள்ளையை வாசிக்கச் சொல்லுவா. தான் சொன்னதைத் தானே வாசிக்குது. அதில என்ன கெட்டித்தனம்? நான் நாளைக்கு மினிஸ்டர் எண்டு சொன்னா, அதை நீங்கள் போர்டில எழுதித் தந்தா, நானும் வாசிப்பன். ஆனா டீச்சருக்கு அதில ஒரே சந்தோசம். ‘பிள்ளைக்கு முதல்ல விளங்கவேண்டியது எழுத்தில்லை மிஸ்டர் ஹெக்டர். புத்தகத்துக்குள்ள ஒரு பேச்சு இருக்கு, அது தனக்கும் சொந்தம் எண்டது விளங்கவேணும். எழுத்து பின்னால தானா வரும்’ எண்டா. தானா வருமாம். பஸ்ஸே தானா வருதில்லை, எழுத்து வரப்போகுது.

இந்தத் தேத்தண்ணி எனக்கோ? சந்தோசம். கருப்பட்டித் துண்டோட… ஓம், ஓம், இப்ப சீனி ஆரிட்ட இருக்கு. காணும் நானா, காணும்.

எங்க விட்டனான்… புத்தகம். இது இஞ்சத்தைய புத்தகமில்லை. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார சிஸ்டர் ஒருத்தி விட்டிட்டுப் போனது. இப்ப வெளிநாட்டுச் சாமான் ஒண்டும் இறக்க விடுகினமில்லை, இன்னொண்டு வாங்கித் தரலாம் எண்டாலும் முடியாது. அந்த நேர்சரிக்கு அதுதான் ஒரே படப்புத்தகம். திங்கள் தொடங்கித் திங்கள்வரைக்கும் ஒரு பிள்ளை வீட்டை கொண்டுபோகும். பிறகு மற்றப் பிள்ளை. போன கிழமை எங்கட முறை. கண்ணாடிச் சாமான் கொண்டு வாறமாதிரி அருள்நாயகி சீலைத் தலைப்பில சுத்திக் கொண்டு வந்தா. என்ர மனுசி தோய்ச்சு மடிச்ச என்ர சேட்டைக்கூட அவ்வளவு கவனமாத் தூக்கினதை நான் காணேல்லை.

அண்டைக்குப் பின்னேரம் தொடங்கினது. இவள் சீமெந்துத் தரையில குப்புறப் படுத்துக்கொண்டு, படத்தில விரலை வச்சு… ஆடு ஹெந்தளைக்கு மாமி வீட்டை போகுதாம். மாமி கதவு திறக்கேல்லையாம். சரியெண்டு கேட்டுக்கொண்டு இருந்தன். மற்ற நாள் அதே படம், அதே ஆடு, களனி ஆத்தில குளிக்கப் போச்சுதாம், சவுக்காரத்தைத் தின்றுபோட்டு வாயால நுரை விட்டுதாம். அதுக்கு மற்ற நாள் ஆட்டுக்குக் கலியாணம். படத்தில தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன் அடுப்பில சுட்ட பாண் விக்கிறான். இவள் அவனைப் பாண் கியூவில சண்டை பிடிக்கிற தாய் ஆக்கிப்போட்டாள். சொல்லக்குள்ள குரலும் அப்பிடியே. அருள்நாயகி குசினிக்குள்ள நிண்டு சிரிக்கிறா. தன்னைத்தான் சொல்லுது எண்டு விளங்காமச் சிரிக்கிறா எண்டு நினைச்சன். விளங்கித்தானாம் சிரிச்சவ.

நான் கேட்டன், ‘பிள்ளை, இதில எது சரியான கதை?’ ‘எல்லாம்’ எண்டாள். எல்லாமாம். நான் கப்பலால இறங்கிற சாமானை எண்ணிற கிளார்க். ஒரு கப்பலுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கணக்கு எழுதி, எல்லாம் சரி எண்டு சொன்னா என்னை வைப்பினமோ?

சிரிக்காதேங்கோ, பிரஷ் விழப்போகுது.

அதுதான் சொல்றன். எங்கட தொழிலில ஒரு ஒழுங்கு இருக்கு. மரப்பெட்டி, சாக்கு, பீப்பாய், எது எண்டாலும் அதில மார்க் இருக்க வேணும். ஆரின்ர, என்ன, எங்க போறது. மார்க் இருந்தாச் சாமான். மார்க் அழிஞ்சுபோச்சுதெண்டா அதைத் தனியா ஒரு கொட்டிலில தள்ளி வைப்பம். அங்க போனதுக்கு ஆரும் உரிமை சொல்லி வாறேல்லை. சீமையிலயிருந்து வந்த தையல் மெசின் ஒண்டு அப்பிடியே துருப்பிடிச்சு மண்ணாப் போனதை நான் என்ர கண்ணால கண்டிருக்கிறன். உள்ள தங்கம் இருந்தாலும் வெளிய எழுத்தில்லாட்டி அது ஒண்டுமில்லை நானா. அப்பிடிப் பழகின மனுசன் நான். என்ர வீட்டில சீனிப் போத்தலில சீனி எண்டு எழுதியிருக்கும், உப்புப் போத்தலில உப்பு எண்டு எழுதியிருக்கும். தண்ணிப் பானையிலயும் எழுதினனான். அருள்நாயகி அதைத் தேய்ச்சுக் கழுவிப்போட்டா.

அப்ப, ஒரு புத்தகம், பன்னிரண்டு படம், ஒண்டிலயும் ஒரு மார்க் இல்லை. பாத்துக்கொண்டு சும்மா இருக்கலாமோ?

…ஓம். நான்தான் எழுதினனான். நான் மறைக்கேல்லை. முதல்ல சொல்லேல்லை, அவ்வளவுதான்.

ஆனா எழுத்து நல்ல எழுத்து, என்ன? நீங்களும் எழுத்துக்காரன், நீங்கள் சொல்லுங்கோ. ஆபீசில எல்லாரும் சொல்லுறவை, ‘ஹெக்டரின்ர எழுத்து அச்சடிச்ச மாதிரி’ எண்டு. இந்தா பாருங்கோ இந்தப் பக்கத்தை. ‘இது ஆடு. ஆடு நல்ல மிருகம். ஆடு புல் தின்னும்.’ ஒரு வளைவு பிழைக்கேல்லை. இதில ‘இது வேலி.’ அங்க ‘இது வானம். வானம் நீல நிறம்.’ குடையில ‘இது குடை.’ குடையிலயே எழுதினனான், சந்தேகம் வராமல் இருக்க. செவ்வாய்க்கிழமை அருள்நாயகியும் பிள்ளையும் கொச்சிக்கடை அந்தோனியாரிட்டப் போயிருந்த நேரம் ஆறுதலா இருந்து எழுதினது. அவை நேத்தி வைச்சிட்டு வாறதுக்கிடையில பன்னிரண்டு பக்கமும் முடிஞ்சுது. டீச்சருக்குக்கூட ஒரு உதவி எண்டுதான் நினைச்சனான்.

அவையள் வந்தினம். இவள் ஓடி வந்து புத்தகத்தைத் திறந்தாள். திறந்தவள் அப்பிடியே நிண்டிட்டாள். வாய் திறந்தபடி. விரலை ஆட்டில வைக்கேல்லை, எழுத்தில வச்சாள். ‘இதில என்ன எழுதியிருக்கு அப்பா?’ எண்டாள். எனக்குப் பெருமை, தெரியும்தானே. வாசிச்சுக் காட்டினன். ‘இது ஆடு. ஆடு நல்ல மிருகம். ஆடு புல் தின்னும்.’ ‘அதுக்குப் பிறகு?’ எண்டாள். ‘அதுக்குப் பிறகென்ன பிள்ளை, அவ்வளவுதான்’ எண்டன்.

மூடி வச்சாள். இண்டைவரைக்கும் திறக்கேல்லை.

அருள்நாயகி எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. சொல்லியிருந்தாப் பரவாயில்லை. சோத்தைப் போட்டுத் தந்துபோட்டு, அங்கால போய் இருந்து, ‘இது சோறு. சோறு வெள்ளை நிறம்’ எண்டா. மற்ற நாளும் அதையே. ‘இது மீன். மீன் கடலில இருக்கும்.’ எப்பிடியிருக்கு.

என்ன, என்ன செய்யிறியள், நகத்தால சுரண்டிப் பாக்கிறியளோ? போகாது. அதைத்தான் சொல்ல வந்தனான். இது பவுண்டன் பேனா மை இல்லை. பெட்டிக்கு மார்க் போடுற மை. ஹாபரில ஒரு சிமிழ்… இருந்தது. உப்புத் தண்ணிக்கும் அழியாது, வெயிலுக்கும் அழியாது. ரெண்டு மாதம் கடலில கிடந்த பெட்டியை மேல தூக்கி எடுக்கக்குள்ள, பெட்டி உக்கியிருக்கும், எழுத்து நிக்கும். அப்பிடித் தரமான மை. நான் பாண் துண்டால தேய்ச்சுப் பாத்தனான், கியூவில நிண்டு வாங்கின பாண். தேசிக்காய்த் தண்ணி போட்டுப் பாத்தனான். மண்ணெண்ணெய் போட்டுப் பாத்தனான். எழுத்து அப்பிடியே இருக்கு, ஆட்டின்ர பின்னங்கால் ஒண்டுதான் காணாமப் போச்சுது. மூண்டு காலில நிக்குது பாருங்கோ. மண்ணெண்ணெய் மணம் வேற.

அதுதான் உங்கட ஞாபகம் வந்தது. பழைய பேருக்கு மேல புதுப் பேர் எழுதுற ஆள், அடியில என்ன இருந்ததெண்டு ஒரு குருவிக்கும் தெரியாமல் மூடிப்போடுவியள். அதேமாதிரி வானத்துக்கு வானக் கலர், புல்லுக்குப் புல்லுக் கலர். நான் மேற்பார்வை பாத்துக்கொள்ளுறன். முதல்ல வானத்தில தொடங்குவம், அதுதான் லேசு. நீலத்தைக் கொஞ்சம் வெள்ளையோட… இல்லை நானா, அது கடும். இன்னும் வெள்ளை. இப்ப அது வெளிறிப்போச்சுது. நான் கதைச்சுக்கொண்டு இருக்கிறதால குழம்புதோ? சரி, நான் வேற கதை கதைக்கிறன்.

சந்தியில இறைச்சிக்கடை போர்ட் நீங்கள்தானே எழுதினது? நினைச்சன், அந்தச் சிவப்பு உங்கட சிவப்பு. உங்கட போர்டாலயும் எனக்கு ஒரு கரைச்சல் வந்தது, கேளுங்கோ. போன ஞாயிறு, பூசை முடிஞ்சு வாறம். வெயில். இவள் என்ர கையைப் பிடிச்சு இழுத்து நடுத்தெருவில நிக்கிறாள். ‘அப்பா, அந்தா ஆடு.’ நான் பாத்தன், ஒரு ஆடும் இல்லை. ‘அந்தா அப்பா, மேல.’ மேல எங்கயடி ஆடு நிக்கும், கடைக் கூரையிலயோ? உரிச்சுத் தொங்கவிட்டதைக் கண்டிட்டுத்தான் சொல்றாளாக்கும், பயந்துபோகும் எண்டு நினைச்சு இழுத்துக்கொண்டு வந்தன். வழி நெடுக ‘ஆடு இருந்தது, ஆடு இருந்தது’ எண்டு அழுகை. நீங்கள் ஏன் அதில ஆட்டுப் படம் கீறினனீங்கள்? சின்னப்பிள்ளையள் போற வாற இடம்.

கீறேல்லையோ?

எழுத்து மட்டும்தானோ. ‘ஆடு, கோழி, மாடு’ எண்டு… படம் ஒண்டும் இல்லாம.

…

ஏன் வேலையை நிப்பாட்டிப்போட்டியள்? என்னை ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? இருக்கும், கரும்பலகையில டீச்சர் எழுதினதைக் கண்டிருக்கும். கண் பழகியிருக்கும். ஒரு சொல்லுத்தானே. அது… அது போன ஞாயிறு. நான் மார்க் போட்டது செவ்வாய். சரி, எனக்கும் கிழமை எண்ணத் தெரியும் நானா, எண்ணுறதுதானே என்ர வேலை. அந்தப் பிள்ளை நடுத்தெருவில நிண்டு வாசிச்சிருக்கு, நான் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறன். விளங்குது. நீங்கள் பாக்காதேங்கோ, வானத்தைப் பாருங்கோ.

இல்லை, நீங்கள் நினைக்கிறியள், இவன் ஹெக்டர் விசரன், மார்க் போடாம இருக்க ஏலாத விசரன், அதுதான் எழுதினவன் எண்டு. அருள்நாயகியும் அப்பிடித்தான் நினைக்கிறா. அப்பிடியே இருக்கட்டும் எண்டுதான் நானும் இருந்தன். ஆனா எனக்கும் ஒரு காரணம் இருந்தது. உங்களிட்டச் சொல்லலாம். நீங்கள் கதைக்கிற ஆள் இல்லை.

இந்தத் திங்கள்தான் புத்தகம் திருப்பிக் குடுக்க வேண்டிய நாள். எனக்குப் பின்னேர ஷிப்ட். மத்தியானம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரப் போனனான். டீச்சர் வாசலில நிண்டு சிரிக்கிறா. ‘றோஸி இண்டைக்குச் சொன்ன மாதிரி ஒரு கதையை நான் இவ்வளவு காலத்தில கேக்கேல்லை, இன்னும் ஒரு கிழமை அவவே புத்தகத்தை வச்சிருக்கட்டும்’ எண்டு புத்தகத்தைத் திருப்பி என்ர கையில தாறா. நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு உள்ள பாத்தன். கரும்பலகையில, இவ்வளவு பெரிய எழுத்தில, பிள்ளையின்ர வாயால வந்தபடியே எழுதிக் கிடக்கு:

‘ஆடு ஹாபருக்கு வேலைக்குப் போச்சுது. பின்னேரம் சாப்பாட்டுக் கரியரில சீனி கொண்டு வந்தது.’

நானா, கேளுங்கோ. களவில்லை. சாக்கு வெடிச்சுக் கீழ கொட்டுற சீனி. கூட்டி அள்ளுறது. மண்ணும் தும்பும் கலந்தது. விட்டா எறும்பு தின்னும். எல்லாரும்தான் ஒரு பிடி கொண்டு போறவை. சங்கக்கடையில கூப்பனுக்குத் தாற சீனி ஒரு கிழமைக்குக் காணுமோ? பிள்ளை இருக்கிற வீடு. அருள்நாயகி அரிச்சு எடுத்து வெயிலில வைப்பா… சரி, அதை விடுவம். ஆடு எண்டுதானே எழுதியிருக்கு, நான் எண்டு எழுதேல்லையே எண்டு நினைச்சன். நினைச்சுக்கொண்டு திரும்பினா, பின்னால ஆர் நிக்கிறது? பேதுரு. ஹாபர் கேற்றில நிண்டு எங்கட பையளைத் திறந்து பாக்கிற செக்கர் பேதுரு. அவன்ர மகனும் இதே நேர்சரி. மனுசன் கரும்பலகையை ஒவ்வொரு சொல்லா வாசிக்கிறான். டீச்சரின்ர அடிமட்டம் இல்லாமலே வாசிக்கிறான். வாசிச்சு முடிச்சிட்டு என்னைப் பாத்து, ‘நல்ல ஆடு’ எண்டான்.

அவ்வளவுதான். வேற ஒண்டும் கேக்கேல்லை. அண்டைக்கு வேலை முடிஞ்சு கேற்றால வெளிய வரக்குள்ள என்ர கரியரைத் தட்டு தட்டாக் கழட்டிப் பாத்திட்டு, மூடித் தந்து, ‘ஆட்டுக்குச் சுகமோ ஹெக்டர்?’ எண்டான். இப்ப ஒவ்வொரு நாளும் அதுதான். ‘ஆடு என்ன சாப்பிட்டது? ஆட்டுக்கு நித்திரை வந்ததோ?’ சுத்தி நிக்கிறவங்கள் சிரிக்கிறாங்கள். ஏன் சிரிக்கிறம் எண்டு அவங்களுக்கே தெரியாது. அவனுக்கு ஒரு நாள் மனம் மாறி மேல ஒரு சொல்லுச் சொன்னா, என்ர வேலை போச்சுது நானா. நான் கரியரில ஒண்டும் கொண்டு வாறேல்லை இப்ப. வெறுங் கரியர்தான் ஆடுது. வீட்டிலயும் இதே கருப்பட்டித் துண்டுதான்.

இப்ப சொல்லுங்கோ. அடுத்த திங்கள் இந்தப் பிள்ளை வேற என்ன சொல்லும், கரும்பலகையில என்ன வரும் எண்டு எனக்கு நித்திரை வருமோ? அதுதான் எழுதினன். இது ஆடு. ஆடு புல் தின்னும். சீனி தின்னாது. ஹாபருக்குப் போகாது. நல்ல மிருகம். எழுத்தில போட்டிட்டா அது அசையாது எண்டு நினைச்சன். சரியாத்தான் நினைச்சிருக்கிறன். ஆடு அசையேல்லை. பிள்ளையின்ர வாயும் அசையேல்லை.

இண்டைக்குக் காலமை இவள் விறாந்தையில தனிய இருக்கிறாள். பக்கத்துவீட்டுப் பெட்டை ஒண்டு வந்து, ‘ஆட்டுக்கதை சொல்லன்’ எண்டு கேக்குது. இவள் சொல்றாள், ‘அது என்ர கதையில்லை, அது அப்பான்ர. அப்பா எழுதிப்போட்டார்.’ கோவமாச் சொல்லேல்லை. சும்மா சொல்றாள், மழை பெய்யுது எண்டு சொல்றமாதிரி. நான் சேட்டைப் போட்டுக்கொண்டு உங்களிட்ட வந்திட்டன்.

காய்ஞ்சிட்டுதோ? கொண்டாங்கோ பாப்பம்… நானா. இதென்ன இது? இது நீலமோ? ஈரமா இருக்கக்குள்ள நீலமாத்தான் இருந்தது. என்ர கறுப்பு மை கீழயிருந்து ஊறி மேல வந்திட்டுதோ? சாம்பல். ஒரு பெரிய சாம்பல் திட்டு. வடிவான வானத்தில எருமை படுத்தமாதிரி. எழுத்துத் தெரியேல்லை, ஓம், அது உண்மை, ஆனா இதைக் கண்டா டீச்சர் என்ன கேப்பா? ஒரு வானம் பூச ஏலாத ஆளிட்டப் போய் நான்… இல்லை, உங்களைச் சொல்லேல்லை, என்ர மையைச் சொல்றன். இன்னும் ஒருக்காப் பூசுங்கோ. கொஞ்சம் நீலம் கூட…

பிள்ளை, வாளியில இருந்து இறங்காதே. இஞ்ச வராதே, பெயின்ற் பிரளும். தொடாதே, ஈரம். சொன்னாக் கேளு, விரலை எடு. என்ன?

மழையோ. எங்க மழை? இல்லை பிள்ளை, அது மழையில்லை, அது அங்கிள் பூசின பெயின்ற், அது நீலமாத்தான் இருக்கவேணும், நாங்கள் இப்ப அதைச் சரிக்கட்டி…

காலை ஏன் நானா மிதிக்கிறியள்.

ஓ.

…சரி. சரி. மழை. ஏன் பிள்ளை மழை பெய்யுது?

ஆடு செய்த வேலையாலயோ. ஆடு என்ன செய்தது? … ஆரின்ரயோ புத்தகத்தில கறுப்பா எழுதிப்போட்டுதோ. கேக்காமலோ எழுதினது? … கேக்காமத்தான். அதுக்காகக் கடவுள் தண்ணி ஊத்திக் கழுவுறாரோ. அப்ப ஆடு நனைஞ்சிருக்கும். பின்னங்கால் ஒண்டைக் காணேல்லை, அது… தண்ணியில கரைஞ்சுபோச்சுதோ. சரி, அதுவும் சரி. மூண்டு காலோட எங்க போச்சுது? … எங்க? கொஞ்சம் மெல்லமாச் சொல்லு பிள்ளை, தெருவில ஆக்கள் போகினம்… ஹாபர் கேற்றுக்கு.

கேற்றில ஆர் நிண்டது?

…பேதுரு மாமா.

நானா, நீங்கள் கேக்கிறியள்தானே. கரியரைத் திறக்கச் சொன்னவராம். சொல்லு பிள்ளை. நான் குறுக்க வரேல்லை. திறந்தா உள்ள… ஓம், சீனி இருந்ததுதான். ஓம், ஆடுதான் வச்சது. … என்ன? மழைத்தண்ணி கரியருக்குள்ள போய்ச் சீனி முழுக்கக் கரைஞ்சுபோச்சுதோ? எல்லாமோ? அப்ப பேதுரு மாமா என்ன செய்தவர்? … தேத்தண்ணியில ஊத்திக் குடிச்சவரோ. ருசியா இருந்ததோ அவருக்கு. குடிச்சிட்டு, ‘சரி ஆடு, நீ வீட்டை போ’ எண்டாரோ.

…

ஒண்டுமில்லை பிள்ளை. அப்பான்ர கண்ணில பெயின்ற் மணம் பட்டிட்டுது. இதைத்தானோ திங்கக்கிழமை டீச்சருக்குச் சொல்லப்போறாய்? … கரும்பலகையில எழுதுவாவோ? … எழுதட்டும். பெரிசாவே எழுதட்டும்.

நானா, அந்த நீலத்தை அங்கால வையுங்கோ. சாம்பலே இருக்கட்டும். அடுத்த பக்கத்தையும் பூசுங்கோ, குடையையும் பூசுங்கோ, எது எந்த நிறமா வந்தாலும் பரவாயில்லை. கதிரையை மட்டும் இழுக்காதேங்கோ. கொஞ்சம் கதைக்காம இருங்கோ நானா. பிள்ளை வாசிக்குது.